கீறல் எடுத்த நாட்கள்

பழைய இசைத்தட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, கீறல் சத்தத்தை எடுத்து, சிடியில் போட்டுக் கொடுப்பது சுகமான வேலை என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். செய்து பார்த்தவர்களே, உங்களுக்குத் தெரியும். தொண்ணூறுகளின் கடைசியில், பாயான் பாருவில் இருந்த தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்ததும், டத்தோ கிராமாட் பகுதியில் இருந்த என் வீட்டு முன்னறையில் எனக்கு இதே பைத்தியம்.

சுத்தமோ சுத்தம்

கீறலைத் தானே கண்டுபிடித்து அழிக்கும் மென்பொருள் கிடைத்த வாரம் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஓய்வுபெற்ற கிளார்க் சிவபாலன் ஐயாவின் வீணைக் கச்சேரித் தட்டுதான் முதல் சோதனை. அழிக்கும் அளவை உச்சத்தில் வைத்தேன். 'டக், டிக்' எல்லாம் மறைந்தன. ஐயா கண்ணை மூடிக் கடைசிவரை கேட்டார்.

"வீணை நல்லா இருக்கு தம்பி. மிருதங்கக்காரர் எங்க போயிட்டார்?"

குழாயடியில்

கெப்பாலா பத்தாஸ் ஊரிலிருந்து முனியாண்டி அண்ணன் கொண்டுவந்த தட்டு முழுக்கப் பூஞ்சணம். ஊசி வைத்தால் வெறும் இரைச்சல். நடு லேபிள் நனையாமல் பிடித்துக்கொண்டு, பாத்திரம் கழுவும் சோப்பு போட்டு மெல்லிய பிரஷால் வட்டமாகத் தேய்த்தேன். அண்ணன் பதறிப்போய் நின்றார். காயவைத்து ஓட்டியதும் நாதஸ்வரம் பாய்ந்து வந்தது. இருவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

"வீட்டுல தட்டு கழுவச் சொன்னா ஓடிருவேன் லா. இனிமே ஓட மாட்டேன்," என்றார் அண்ணன்.

விரிசல்

ஆக்னெஸ் அக்கா மகளோடு வந்தார். இளவயதில் தேவாலயப் பாடகர் குழுவில் தனித்துப் பாடியவர். குழு வெளியிட்ட தட்டில் அவர் குரல் இருந்தது. பிறகு தொண்டையில் ஆபரேஷன். இப்போது பேச்சே கிசுகிசுப்புதான். அம்மா பாடி மகள் கேட்டதே இல்லை. தட்டிலோ ஓரத்திலிருந்து நடுவரை விரிசல். ஒருமுறைக்கு மேல் ஓட்டினால் பிளந்துவிடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊசியை இறக்கினேன். சுற்றுக்கு ஒரு 'டொக்' வைத்தாலும் கடைசிவரை தாங்கியது.

இந்த முறை மென்பொருளை நம்பவில்லை. திரையில் தெரியும் ஒலிக்கோட்டில் முள்ளாக நின்ற ஒவ்வொரு 'டொக்'கையும் தேடிக் கையாலேயே வெட்டினேன். மறுவாரம் இருவரையும் உட்காரவைத்துப் போட்டேன். குழு அடங்கியது. ஓர் இளங்குரல் தனியாக எழுந்து மேலே, இன்னும் மேலே போனது. மகள் அம்மாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். பாட்டு முடிந்ததும் அக்கா அவள் காதருகே குனிந்தார்.

"அந்த இடம் வரும்போது எனக்கு ரொம்பப் பயம். ஆனா போயிட்டேன், பாத்தியா?"

இப்படியெல்லாம் காதைத் தீட்டிக்கொண்ட நான்தான், வீட்டில் மனைவி கூப்பிடுவது மட்டும் காதில் விழாதவன் என்று பெயர் வாங்கியிருக்கிறேன்.