தொட்டால் ஒழுகும் கூடாரம்

செங்காங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டு பாம் ஷெல்ட்டரில், அதாவது குண்டு விழுந்தால் ஒளிவதற்கென்று கட்டி நாங்கள் சாமான் அறையாக்கிவிட்ட சின்ன அறையில், அரிசி மூட்டைக்கும் பழைய மின்விசிறிக்கும் நடுவே, ஒரு கித்தான் கூடாரம் பத்து வருடமாகக் கிடக்கிறது. "தூக்கிப் போடுங்களேன், இடத்தை அடைச்சுக்கிட்டு" என்று மனைவி மாதம் ஒருமுறை சொல்வாள். போடலாம் போடலாம் என்று நானும் தலையாட்டுவேன். பிறகு அரிசி மூட்டையை மட்டும் கொஞ்சம் நகர்த்தி வைப்பேன்.

அதை வாங்கப் போனபோது மகளுக்கு ஒன்பது வயது. வகுப்புத் தோழி யாரோ கடற்கரையில் கூடாரம் போட்டு ஒரு ராத்திரி முழுக்க அதற்குள் தூங்கியிருக்கிறாள். இவளும் ஒரே ஒரு ராத்திரி அப்படித் தூங்க வேண்டும் என்று மூன்று மாதம் நச்சரித்தாள். ஒரு சனிக்கிழமை, மனைவி வேலைக்குப் போயிருந்த நேரத்தில், நாங்கள் இருவரும் உபி வட்டாரத்தில் ஒரு கிடங்குக் கடைக்குப் போனோம்.

உள்ளே நுழைந்ததும் அவள் ஒரு சின்னப் பச்சைக் கூடாரத்துக்குள் புகுந்து மல்லாந்து படுத்துவிட்டாள். "அப்பா, அம்மா இங்க, நீங்க அங்க, நான் நடுவுல. மூணு பேருக்குச் சரியா இருக்குப்பா" என்றாள். நான் துணியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தேன். "இது குடைத்துணிம்மா. ஒரு காத்துக்குத் தாங்காது" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குப் போனேன்.

கப்பல் பட்டறையில் நான் பெயின்ட் ஆய்வாளன். இரும்புத் தகட்டில் பெயின்ட் சரியாகக் காயவில்லை என்றால் ஒரு முழுத் தளத்தையே திரும்பச் சுரண்டச் சொல்கிறவன். அதனால் கித்தான், கயிறு, வண்ணம் என்று எதைப் பற்றியும் எனக்கு ஒரு கருத்து உண்டு, அதைக் கேட்கிறவர் பாடுதான் பாவம். போதாததற்கு, ஈசூனில் இருக்கும் அண்ணன் குடும்பத்தை விட்டுவிட்டு நாங்கள் மூன்று பேர் மட்டும் போய்ப் படுத்துக்கொண்டு வந்தால் நன்றாகவா இருக்கும்? ஊரிலிருந்து என்னை இங்கே வரவழைத்து, முதல் ஆறு மாதம் சோறு போட்டது அவர்தான். ஆகவே எட்டுப் பேர் படுக்கிற பெரிய கித்தான் கூடாரத்தின் முன்னால் போய் நின்றேன். மகள் மூவருக்குக் கேட்டாள், நான் எண்மருக்கு வாங்கினேன். எங்கள் வீட்டில் எதை வாங்கினாலும் இப்படித்தான் நடக்கும்.

கடையில் இருந்த தமிழ்ப் பெண், இருபது வயதுதான் இருக்கும், என்னிடம் சொன்னாள்: "அங்கிள், கேன்வாஸ்னா ஃபர்ஸ்ட் விரிச்சுத் தண்ணி ஊத்தி, நல்லா காய வெச்சு எடுக்கணும். ரெண்டு தடவை. அப்பதான் நூல் ஊறித் தையல் ஓட்டை அடைபடும். இல்லன்னா லீக் ஆகும் லா."

"நான் பார்க்காத கித்தானாம்மா" என்றேன். பச்சைக் கூடாரத்துக்குள் இருந்த மகள் காதில் இது எதுவும் விழவில்லை.

வீட்டுக்கு வந்து, பைக்குள் இருந்த தாளையும் படித்தேன். இரண்டு விஷயம் முக்கியமாகப் போட்டிருந்தது. முதலாவது அந்தப் பெண் சொன்னதேதான். இரண்டாவது, மழை பெய்யும்போது உள்பக்கத்துத் துணியைத் தொடக் கூடாது, தொட்ட இடத்தில் நீர் கசியும் என்பது. பதினோராவது மாடியில் எட்டுப் பேர் கூடாரத்தை எங்கே விரித்துத் தண்ணீர் ஊற்றுவது? கீழே புல்தரையில் செய்தால் யாராவது புகார் சொல்வார்கள். ஒரு நாள் முன்னதாகப் பூங்காவுக்கே எடுத்துப் போய்ச் செய்திருக்கலாம். சோம்பலாக இருந்தது, செய்யவில்லை. இரண்டாவது விஷயத்தை மட்டும் எல்லாரிடமும் கண்டிப்பாகச் சொல்லி வைத்தேன்.

ஜூன் விடுமுறையில் பாசிர் ரிஸ் பூங்காவில் அனுமதி வாங்கிக்கொண்டு போனோம். அண்ணன், அண்ணி, அவர்கள் பிள்ளைகள் இருவர், நாங்கள் மூவர், ஒரு பெரிய பிரியாணிப் பானை. கூடாரத்தை நிறுத்தவே ஒன்றரை மணி நேரம் ஆனது. உள்ளே அடுப்படிச் சூடு. ஆனாலும் மகள் வெளியே வரவில்லை. மூலையில் தன் போர்வையை விரித்து, இரண்டு பக்கமும் எங்கள் தலையணைகளை வைத்துவிட்டு, எப்போது இருட்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஐந்து மணிக்குக் கடல் பக்கமிருந்து மழை வந்தது. ஏழு பேரும் உள்ளே ஓடினோம். முதல் சொட்டு பிரியாணிப் பானை மூடியில் விழுந்தது. இரண்டாவது அண்ணி தோளில். நிமிர்ந்து பார்த்தேன். கூரையில் தையல் போன வழியெல்லாம் வரிசையாகச் சொட்டுகள் தொங்கின.

"என்னடா, கித்தான் கித்தான்னு அவ்ளோ பேசினே, இப்படி ஒழுகுது?" என்றார் அண்ணன்.

அப்போதுதான் மகளைப் பார்த்தேன். மூலையில் உட்கார்ந்து, மழை துணியில் விழுவதை உள்ளங்கையால் தொட்டு உணர்ந்துகொண்டிருந்தாள்.

"தொடாதே தொடாதேன்னு எத்தனை தடவை சொன்னேன்? இப்பப் பாரு, எல்லாரும் நனையறாங்க" என்று கத்தினேன்.

எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கை இருந்தது பக்கச் சுவரில். ஒழுகியதோ எனக்கே எட்டாத கூரைத் தையல். இதை யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவன் நான். அவள் கையைச் சட்டென்று எடுத்து அக்குளுக்குள் வைத்துக்கொண்டாள்.

மழை விடவில்லை. இருட்டுவதற்கு முன்பே எல்லாவற்றையும் சுருட்டினோம். அவள் என் பின்னாலேயே வந்து, "இனிமே தொட மாட்டேன்பா. தூங்கிட்டுப் போலாம்பா" என்று கெஞ்சினாள். நான் ஈரக் கயிற்றோடு போராடுவது போல் குனிந்துகொண்டேன்.

அதன் பிறகு அவள் கூடாரத்தைப் பற்றி எங்களிடம் பேசியதே இல்லை. ஆனால் குடும்பம் அதை விடவில்லை. யார் வீட்டில் என்ன சிந்தினாலும், குழாய் சொட்டினாலும், அண்ணன் "யாரு தொட்டது?" என்பார். எல்லாரும் அவளைப் பார்த்துச் சிரிப்பார்கள். கொஞ்ச நாள் முறைத்தாள். பிறகு அவளும் சிரிக்கக் கற்றுக்கொண்டாள்.

இப்போது அவளுக்குப் பத்தொன்பது. போன மாதம் பாலிடெக்னிக் தோழிகளோடு புலாவ் உபின் தீவுக்குப் போகத் தன் காசில் ஒரு சின்னக் கூடாரம் வாங்கினாள். இதுவும் பச்சைதான். கூடத்தில் உட்கார்ந்து ஒரு தோழியிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்: "ரெயின் வந்தா உள்ள யாரும் டச் பண்ணக்கூடாது, ஓகே? சின்ன வயசுல நான் டச் பண்ணி எங்கப்பாவோட டென்ட்டையே ஸ்பாயில் பண்ணிட்டேன் லா. சீரியஸ்லி."

சமையலறையில் தேநீர் கலக்கிக்கொண்டிருந்த நான் கரண்டியைக் கீழே வைத்தேன். ஏதோ அன்றைக்குத் திட்டினோம், அதோடு போயிற்று என்று நான் இருந்துவிட்டேன். இவள் அதை உண்மையென்று நம்பிப் பத்து வருடம் சுமந்திருக்கிறாள். போனை வைக்கும்வரை காத்திருந்து, எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கடைக்காரப் பெண் சொன்னது, தாளில் இருந்தது, என் சோம்பல், அண்ணன் முன்னால் எனக்கு வந்த வெட்கம் என்று ஒன்றுவிடாமல். வெட்கமாகத்தான் இருந்தது.

அவள் கூடாரப் பையின் ஜிப்பை மூடிக்கொண்டே கேட்டாள். "பெரியப்பாக்கு இது தெரியுமா?"

"தெரியாதும்மா."

"என்னைத் திட்டினப்ப எல்லாரும் இருந்தாங்க இல்ல?"

"சொல்லிடறேன்மா. ஞாயித்துக்கிழமை போறோம்ல, எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன்."

ஞாயிற்றுக்கிழமை ஈசூனில் அண்ணன் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தோம். அண்ணி ரசம் ஊற்றும்போது கரண்டி சாய்ந்து மேசையில் கொட்டியது. அண்ணன் இலையிலிருந்து தலையைத் தூக்காமலேயே, "யாரு தொட்டது?" என்றார்.

எல்லாரும் மகளைப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். எனக்கு வாயில் சோறு இருந்தது. அதை மென்று விழுங்கிவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். அதற்குள் அவர்கள் சிரித்து முடித்துவிட்டார்கள், பேச்சும் வேறு எங்கோ போய்விட்டது. மகள் எழுந்து போய்த் துணி எடுத்து வந்து, மேசையைத் துடைத்தாள்.