உப்புப் பூத்த தொட்டி

செடித் தொட்டி என்றால் குப்பைத் தொட்டி என்று எங்கள் அலுவலகத்துக்கு எவன் சொல்லிக்கொடுத்தானோ தெரியவில்லை. எல்லாம் படித்த கூட்டம். கழுத்தில் அட்டை, காலில் பளபளக்கும் ஷூ. தொட்டிக்குள் எட்டிப் பார்த்தால் ஆறிப்போன டீ, மென்று துப்பிய பபிள்கம், ஸ்டேப்ளர் பின். ஒருமுறை வெட்டிப் போட்ட கால்நகம் கிடந்தது. சீச்சீ! வரவேற்பு மேசையில் ஒன்பது வருடமாக உட்கார்ந்து இதைப் பார்க்கிறேன். இன்னும் குமட்டுகிறது.

அதையெல்லாம் வெறுங்கையால் பொறுக்கி எடுப்பவர் விரலக்கா. அலுவலகங்களுக்குச் செடி வாடகைக்கு விடும் கம்பெனியின் ஆள். செவ்வாய்தோறும் வருவார். ஆள்காட்டி விரலை இரண்டாவது கணு வரைக்கும் மண்ணில் விட்டுப் பார்த்த பிறகுதான் தண்ணீரைத் தொடுவார். அதனால் அந்தப் பெயர். பதினோரு வருடம் ஆயத்த ஆடை ஆலையில் சட்டைக் காலர் தைத்தவர். ஊசிக்காது கண்ணுக்குத் தெரியாமல் போனதும் அனுப்பிவிட்டார்கள். "நூல் கோக்கத்தான் கண்ணு வேணும், இதுக்கு விரல் போதும்" என்று சிரிப்பார். வீட்டுக்காரருக்கு முதுகு போய் நாலு வருடம். இவர் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. மண் சிந்துமாம், எனவே எங்கள் கட்டடத்தில் அவருக்கு லிஃப்ட் கிடையாது. சாக்கைத் தூக்கிக்கொண்டு படியேற வேண்டும்.

அந்த மனுஷியின் வயிற்றில் அடிக்கவென்றே, என் மேசைக்கு எதிரே இருக்கும் மேனேஜரின் கண்ணாடி அறைச் செடி சுருண்டது. ஆள் உயரம், அகலப் பச்சை இலை, நடுநடுவே ஓட்டை. அந்த மூலையில் வைத்த இரண்டு செடிகள் இரண்டு மாதத்தில் செத்துவிட்டன. இது மூன்றாவது. இதிலும் இலைகள் ஓரத்திலிருந்து உள்பக்கமாக, சுருட்டின பாய் மாதிரி ஆகிக்கொண்டிருந்தன.

"இதுவும் போச்சுன்னா உன் கம்பெனிக்கு எழுதிடுவேன். கைராசி இல்லாத ஆளை எதுக்கு அனுப்புறாங்க?" என்றார் மேனேஜர். அம்மா வயதுப் பெண்ணை நீ, உன் என்கிறார், பாருங்கள்! ஒரே அறையில் மூன்று செடி செத்தால் கம்பெனி ஆளை நிறுத்திவிடும். அது மேனேஜருக்கும் தெரியும்.

அவர் மீட்டிங் போன நேரம் பார்த்து அக்கா ஆரம்பித்தார். நான் கதவருகே நின்றேன். இலைக்கு அடியில் வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டினார். பூச்சி இருந்தால் புள்ளி புள்ளியாகத் தாளில் ஊருமாம். ஒன்றும் ஊரவில்லை. ஏசி காற்று நேராக அடிக்கிறதா என்று இலைப் பக்கத்தில் மெல்லிய காகிதக் கீற்றைத் தொங்கவிட்டார். அது அசையவில்லை. கடைசியில் விரலை மண்ணில் விட்டார்.

"ஈரம் சொதசொதன்னு இருக்கு. ஆனா இலை தாகத்துல சுருளுது. வேரால குடிக்க முடியல."

"அழுகிடுச்சாக்கா?"

"அழுகினா நாறும். இது வேற என்னமோ."

மேல்மண்ணை நகத்தால் சுரண்டினார். வெள்ளையாக ஏடு படிந்திருந்தது. உரம் மிஞ்சினாலும் இப்படிப் பூக்கும், ஆனால் இதற்கு இன்னும் உரமே போடவில்லையே என்றார். உரமா, சுண்ணாம்பா, உப்பா என்று நாக்குதான் சொல்லும் என்பது அவர் கட்சி. நான் வாயைத் திறப்பதற்குள் அந்த வெள்ளையைத் தொட்டு நாக்கு நுனியில் வைத்துவிட்டார்.

"ஐயோ அக்கா! துப்புங்க, துப்புங்க!"

"உப்பு. நல்ல சமையல் உப்பு" என்றவர் என் முகத்தைப் பார்த்தார். "நீ ஏன்டி இப்படிப் பதறுற?"

சொல்லித்தானே ஆகவேண்டும்? மேனேஜர் கடைவாய்ப்பல் பிடுங்கிக்கொண்டார். வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கச் சொன்னாராம் டாக்டர். புண் ஆறி எத்தனையோ நாளாயிற்று, பழக்கம் மட்டும் விடவில்லை. கழிவறை தாழ்வாரத்தின் கடைசியில் இருக்கிறது. அவ்வளவு தூரம் துரை நடப்பாரா? ஃபிளாஸ்கைத் திறந்து, களகளவென்று கொப்பளித்து, நாற்காலியைச் சுழற்றி, தொட்டியில் புளிச். ஒரு நாளைக்கு நாலு தடவை. தூ!

அக்கா ஓடிப்போய் வாந்தி எடுத்தார். சோப்பு போட்டு நாக்கைத் தேய்த்தார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தார். செடியைப் பிடுங்கி, பழைய மண்ணை உதறி, வேரைக் குழாயடியில் காட்டி அலசி, கறுத்ததை வெட்டிப் புது மண்ணில் நட்டார். தொட்டியை என் மேசைக்குப் பக்கத்தில் வைத்தார். "சுருண்டது இனி நிமிராது. புது இலை நேரா வந்தா பொழச்சுக்கிச்சுன்னு அர்த்தம்."

கம்பெனிச் சீட்டில் 'காரணம்' என்ற கட்டத்தில், "வாய் கொப்பளித்துத் துப்பிய உப்புத் தண்ணீர்" என்று முத்து முத்தாக எழுதினார். மேனேஜர்தான் அதில் கையெழுத்துப் போட வேண்டும். படித்ததும் அவர் காது சிவந்தது.

"ஏசி காத்துன்னு மாத்தி எழுதிடுங்கம்மா."

பாருங்களேன், மரியாதை எங்கிருந்தோ ஓடி வந்துவிட்டது!

"எழுதுறேன் சார். உங்க ரூம் ஏசியை நிறுத்தச் சொல்லி கம்பெனியிலருந்து லெட்டர் வரும். பரவாயில்லையா?"

மேனேஜர் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். அக்காவின் வேலை தப்பியது.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. படி வரைக்கும் பின்னாலேயே ஓடினேன். "சூப்பர்க்கா! மனுஷனா அவன், அசிங்கம் பிடிச்சவன்!"

அக்கா சாக்கைத் தோள் மாற்றிக்கொண்டு நின்றார். "அவர் துப்புறதை நீ எப்பப் பாத்த?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "முதல் செடி இருக்கும்போதே..."

"வாராவாரம் அந்த மண்ணுல கை விட்டேன். நீ எதிர்ல உக்காந்து டீ குடிச்சுக்கிட்டிருந்த." குரலை உயர்த்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை.

"வேலை போயிடுமோன்னு பயம்க்கா."

"யாரு வேலை?" என்று கேட்டுவிட்டுப் படியிறங்கினார்.

அடுத்த செவ்வாய் வந்தார். என் பக்கத்துச் செடியில் விரல் விட்டுப் பார்த்தார், தண்ணீர் ஊற்றினார். பிறகு மற்றவர்களிடம் சொல்வதைப் போலவே என்னிடமும், "வரேன் மேடம்" என்றார்.