சாராயத்தின் மேல் விழுந்த பழி

ஆனந்தனுக்கு இருபத்து நாலு வயதில் பார்வை போனது. அப்போது தங்கச் சுரங்கத்தில் வேலை. முதலில் இடது கண்ணின் நடுவில் புகை படிந்தது போல ஒரு வட்டம். சில மாதங்களில் வலது கண்ணிலும். வலியே இல்லை. எதிரில் நிற்பவரின் தோள் தெரியும், முகம் தெரியாது.

ஷிப்டு முடிந்ததும் அவர் ஒரு கிளாஸ் சாராயம் குடிப்பது தொழிலாளர்களின் லைன் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். அதனால் வேறு காரணத்தை யாரும் தேடவில்லை. வேலை போனது. நிச்சயித்திருந்த பெண் வீட்டார் பேச்சை முறித்துக்கொண்டார்கள். பெற்ற தாயே, "குடிச்சிக் குடிச்சி கண்ண அவிச்சிக்கினான்" என்று வருகிறவர்களிடம் சொன்னாள். அன்றோடு குடியை விட்டார். ஆண்டர்சன்பேட்டையில் தங்கை நாகம்மாவின் வீட்டில் தங்கி, ஒரு மாவு மில்லில் மூட்டை தூக்கிக் காலத்தைத் தள்ளினார்.

போன வருஷம் நாகம்மாவின் மகன் பாரி சாப்பிடும்போது சொன்னான்: "மாமா, ஒரு கண்ணுல நடுவுல மட்டும் மங்கலா கீது."

"வலி கீதா?"

"இல்ல."

ஆனந்தன் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தார். பாரி தினமும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிறவன்; குடியை மோந்துகூடப் பார்க்காதவன்.

பெங்களூரில் கண் டாக்டர் எலைன், பாரி, நாகம்மா, ஆனந்தன் மூவருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார். முடிவு வந்ததும் உட்காரவைத்துப் பேசினார்.

"நம்ம உடம்புல இருக்கிற செல்லுக்குள்ள மைட்டோகாண்ட்ரியான்னு சின்னச் சின்னதா இருக்கும். நமக்கு வேண்டிய சக்தியில பெரும்பங்கு அதுதான் தயாரிக்குது. பல கோடி வருஷத்துக்கு முன்னாடி அது தனியா வாழ்ந்த பாக்டீரியா. இன்னொரு செல்லுக்குள்ள போய் அங்கேயே தங்கிடுச்சு. அப்படிச் சேர்ந்த வழியிலதான் மரம், மாடு, மனுஷன்னு பெரிய உயிரெல்லாம் வந்துச்சு. தனியா இருந்த காலத்து மரபணு கொஞ்சம் இன்னும் அதுகிட்ட மிச்சம் இருக்கு. அது அம்மாகிட்டேருந்துதான் பிள்ளைக்கு வரும். உங்க குடும்பத்துல அதுல ஒரு சின்ன மாற்றம். கண் நரம்புக்குச் சக்தி நிறைய வேணும், அதனால அது முதல்ல அடிபடுது. பொம்பளைங்ககிட்ட இந்த மாற்றம் இருந்தாலும் பெரும்பாலும் பார்வை போறதில்ல, ஆம்பளைங்களுக்குத்தான் அதிகம்."

"இப்ப அது வெளிய போயி தனியா வாழுமா?" என்றார் ஆனந்தன்.

"முடியாது. அது இல்லாம நாமளும் இல்ல."

"அப்ப சாராயம்?"

"தூண்டி விட்டிருக்கலாம். வேர் அது இல்லைங்க."

"என்கிட்டேருந்தா என் புள்ளைக்குப் போச்சி?" என்று நாகம்மா அழுதாள்.

ஆனந்தன் தடவி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ இன்னாம்மா பண்ணுவ? அவனுக்கு மூச்சு ஓடுறதும் அதாலதான்னு சொல்றாங்களே."

திரும்பும் ரயிலில் நாகம்மா மெதுவாகக் கேட்டாள்: "இத்தினி வருஷம் ஏண்ணா வாயத் தொறக்கல?"

"எல்லாரும் சொல்லச் சொல்ல நானே நம்பிட்டேன்மா."

பாரியின் இன்னொரு கண்ணும் மங்கியது. கம்பெனியில் அவனை போனில் பேசும் வேலைக்கு மாற்றினார்கள். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் போனைப் பழகிக்கொண்டான். இப்போதும் அதே ரயிலில்தான் போகிறான்.

வைகாசி பௌர்ணமியன்று ஊர் புத்த விகாரையில் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது நாகம்மா எழுந்து நின்றாள்.

"எங்க அண்ணன் கண்ணு சாராயத்துல போகல. எங்கம்மா வழியில வந்த நோவு அது. எல்லாரும் தெரிஞ்சிக்கோங்க."

ஆனந்தன் அவள் புடவையைப் பிடித்து இழுத்தார்.

"உக்காரும்மா. சோறு ஆறுது."