நடுக் காந்தாரம்
கல்யாண மேடையில் கீபோர்டு வாசிப்பவனுக்கு இரண்டே சரக்குதான்: சிரிக்கிற காந்தாரம், அழுகிற காந்தாரம். மணப்பெண் மேடையேறினால் அந்தர காந்தாரம், புகுந்த வீட்டுக்குக் கிளம்பினால் சாதாரண காந்தாரம். போர்ட் பிளேரில் பகலில் அரசு கிளார்க், முகூர்த்த நாளில் கீபோர்டுக்காரன் என்று இருபது வருஷம் ஓட்டியாயிற்று. என் வாசிப்பு எனக்கே சலித்துவிட்டது.

மெயின்லேண்டிலிருந்து வரவழைத்த புதுக் கீபோர்டில் ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனியாகக் கூட்டிக் குறைக்க முடிந்தது. இரண்டு காந்தாரங்களுக்கும் இடையிலுள்ள தூரத்தை நூறு பங்காக்கி, நட்டநடுவே ஐம்பதில் ஒரு காந்தாரத்தை நிறுத்தினேன். அது அழவில்லை, சிரிக்கவும் இல்லை. யாரோ வாசலில் நின்றுகொண்டு உள்ளே வராதது போல இருந்தது. ஷட்ஜத்திலிருந்து அதற்குள்ள இடைவெளியை அதன்மேல் இன்னொரு தரம் வைத்தேன். சரியாகப் பஞ்சமத்தில் போய் உட்கார்ந்தது. மூன்றாம் தரம் வைத்தால் இரண்டு நிஷாதங்களுக்கும் நடுவே ஒரு நிஷாதம். இப்படியே அடுக்கி ஏழு ஸ்வரங்கள் சேர்த்துவிட்டேன். எட்டாவதாக ஷட்ஜத்துக்கே திரும்ப வேண்டும். திரும்பவில்லை. ஷட்ஜத்தைத் தாண்டிக் கொஞ்சம் மேலே, வேறெங்கோ போய் நின்றது. நம் வீட்டுக் கதவைத் திறந்தால் உள்ளே வேறு யாரோ குடியிருப்பது மாதிரி. எனக்கு ஒரே குஷி.

மனைவிக்கு இந்த ஸ்வரம் ஆகவே ஆகாது. அவள் நிக்கோபார் பக்கம் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அவளுடைய அப்பா இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து வந்து அங்கே குடியேறியவர். மரத்தில் பால் வெட்டும்போது வாயை மூடிக்கொண்டு அடித்தொண்டையில் முனகிக்கொண்டே இருப்பாராம்.

"இத நிறுத்துங்களேன். கேட்டா கைவேல ஓட மாட்டேங்குதுங்க" என்பாள். உனக்கு ரசனை போதாது என்று கிண்டல் செய்வேன்.

அந்த ஆடி மாதம் மாமனார் கண்புரை ஆபரேஷனுக்காகக் கச்சாலிலிருந்து தனியாகக் கப்பலேறினார். காலையில் வர வேண்டிய கப்பல் மத்தியானம் வரை வரவில்லை. கடல் மோசமாக இருந்தது. நடுக்கடலில் போனும் எடுக்காது. துறைமுகத்தில் கப்பல் விசாரிக்கிற நம்பருக்கு அடித்துக்கொண்டே இருந்தேன். "அபி தக் கோயி கபர் நஹீ, பாய்" என்றான் ஒருவன். தகவலே இல்லை என்பதை மனைவியிடம் நான் எப்படிச் சொல்வது? அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் கீபோர்டின் முன்னால் போய் உட்கார்ந்தேன். உண்மையைச் சொன்னால், ஒளிந்துகொண்டேன்.

போர்ட் பிளேர் பத்துபஸ்தியில் எங்கள் வீட்டுக்குத் தகரக் கூரை. மழைச் சத்தத்தில் எதுவும் கேட்காததால் வால்யூமை முழுதாகத் திருப்பி, மேல் ஸ்தாயியில் ஷட்ஜமும் நடுக் காந்தாரமும் பஞ்சமமும் சேர்த்து அழுத்தினேன். அடியில் இன்னொரு குரல் எழுந்தது. நான் தொடாத, மிகத் தாழ்ந்த ஓர் ஆண் குரல். பயப்பட ஒன்றுமில்லை, இரண்டு ஸ்வரங்கள் பலமாகச் சேர்ந்தால் அவற்றின் வித்தியாசம் தனியொரு ஒலியாகக் காதில் விழும். படித்திருக்கிறேன்.

கரண்டியோடு வாசற்படியில் நின்றாள் மனைவி.

"உள்ள யாருங்க?"

"யாருமில்லையே."

"எங்கப்பா முனகுறாரு."

கையை எடுக்கப் போனேன். "எடுக்காதீங்க!" என்று கத்தினாள். பயணத்தில் இருப்பவர் குரல் வீட்டில் கேட்டால், அவர் வந்து சேரும் வரை அதை அறுந்துபோக விடக்கூடாது, சோறு போட்டு வைத்துப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது தோட்டத்து லயன் வீடுகளில் வழக்கமாம். தட்டு வைத்தாள். சோறு போட்டாள். எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

இது வெறும் கணக்கு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் விரலைத் தூக்கினால் அந்த மனிதரை நானே கடலில் தள்ளிவிட்டதாகிவிடும் என்று பட்டது. படித்தவன்தான், ஆனால் விரலை எடுக்கவில்லை.

ஐந்து மணிக்கெல்லாம் வானம் கறுத்து, கரண்ட் போனது. கீபோர்டு செத்தது. இருட்டில் மழை மட்டும்.

"அப்பா?" என்றாள். அந்த ஒரு சொல்லை என்னால் தாங்க முடியவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பி, வாயை மூடிக்கொண்டு, அடித்தொண்டையில் முனக ஆரம்பித்தேன்.

அவள் மெல்லப் பேசத் தொடங்கினாள். "வீட்டப் பூட்டிட்டு வந்தீங்களா? கோழிய யாருகிட்ட விட்டீங்க? சொட்டு மருந்து எடுத்துக்கிட்டீங்களாப்பா?"

முக்கால் மணி நேரம் கழித்து லைட் வந்தது. தட்டில் சோறு ஆறிக் கிடந்தது. அவள் முகம் தெளிந்திருந்தது. கப்பல் கடலுக்குப் பயந்து வழியிலுள்ள கமோர்ட்டா தீவில் ஒதுங்கி நின்றிருக்கிறது. மறுநாள் காலை மாமனார் பையும் கையுமாக ஜெட்டியில் இறங்கி, கப்பல் டீயை வாய்க்கு வந்தபடி திட்டினார். அவரைக் கட்டிக்கொண்டு அழுதவன் நான்தான்.

ஆபரேஷன் முடிந்து அவர் ஊர் திரும்பிய பிறகு, ஒருநாள் பீன்ஸ் நறுக்கியபடியே மனைவி சொன்னாள்: "கரண்ட் போனப்புறம் முனகுனது நீங்கதான்னு எனக்குத் தெரியும்ங்க."

"தெரிஞ்சுமா பேசிக்கிட்டு இருந்த?"

"பேச்ச நிறுத்துனா நீங்களும் நிறுத்திருவீங்கல்ல. லைட்டு வர்ற வரைக்கும் விடாம இருந்தீங்களே, அது போதும் எனக்கு."

தலையாட்டி வைத்தேன். இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை. இருட்டில் இரண்டே நிமிஷத்தில் அழுகை வந்து என் முனகல் நின்றுவிட்டது. மிச்ச நேரமெல்லாம் வாயில் துண்டை வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி, அவளைப் போலவே நானும் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.