‘நன்று’ என்று எழுதப்பட்ட கை

பிறந்த அன்றே தெரிந்தது. துணி மாற்றும்போது குழந்தையின் இடது கை உதறியது. வலது கை விழுந்தது விழுந்தபடியே கிடந்தது. தோள் சிக்கிக்கொண்ட பிரசவம். இழுத்ததில் தோள் நரம்புப் பின்னல் (கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புகள்) அடிபட்டுவிட்டது என்றார் பிரசவம் பார்த்த டாக்டர். "தானா சரியாயிடும்மா" என்றும் சொன்னார். அந்தத் ‘தானா’வின் மேல் எனக்கு இன்றும் கோபம் தீரவில்லை.

அது தொண்ணூறுகளின் பாதி. ஆரணியில் எங்களுக்கு வீட்டோடு ஒரு பட்டுத்தறி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மகள் பவித்ராவைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவோம். கையை முன்னால் தூக்கு, பக்கத்தில் தூக்கு, மடக்கு என்பார்கள். கோணமானி (மூட்டு எவ்வளவு வளைகிறது என்று அளக்கும் கருவி) வைத்துத் தாளில் மார்க் போடுவார்கள். ஐந்து நிமிஷம்கூட ஆகாது.

இதே நிலையில் பிள்ளை வைத்திருப்பவர்கள் கேளுங்கள். அந்த அளவை நாங்களே கெடுத்தோம்.

பட்டு நூல் கொடுக்கும் முதலாளியிடம் நெய்த சேலையைக் கொண்டுபோகும்போது, இழை அறுந்த இடம் உள்ளே போகிற மாதிரி மடித்துக் காட்டுவோம். பிள்ளையின் கையையும் அப்படித்தான் காட்டினோம். ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் ஒரு வாரம் என் கணவர் அவளைச் சுவரோரம் நிறுத்திப் பழக்குவார். "இன்னும் மேல கண்ணு, டாக்டர் பாத்துகினு இருப்பாரு." அவள் இடுப்பை வளைத்து, முதுகைச் சாய்த்து, கையை வீசி மேலே கொண்டுபோகக் கற்றுக்கொண்டாள். மார்க் ஏறியது. எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. ஆறாவது வயதில் தாளில் ‘நன்று’ என்று எழுதி, இனி வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

வீட்டில் அதுவரை நான்தான் ஊட்டிவிட்டேன். அந்த மாதம் போளூரில் ஒரு கல்யாணப் பந்தியில் அவளைத் தனியாக உட்கார வைத்தேன். வலது கை வாய்க்கு எட்டவில்லை. இடது கையால் எடுத்தாள். பக்கத்து இலைக்காரி, "சோத்தாங்கையில சாப்புட உங்கம்மா சொல்லித் தரலியா?" என்றாள். பவித்ரா பாதியில் எழுந்து போய்விட்டாள்.

மறுவாரம் கூப்பிடாமலே ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் பழைய தாளைப் புரட்டினார். "நல்ல ரிசல்ட்டும்மா இது."

"ரிசல்ட்டு நல்லாத்தான் கீது சார். எம் பொண்ணு வாய்க்குச் சோறு போவல."

பவித்ராவின் இடுப்பையும் தோள்பட்டையையும் அசையாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். "இப்ப தூக்கச் சொல்லுங்க" என்றேன்.

கை மார்புவரை வந்து நின்றுவிட்டது. பவித்ரா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "விடும்மா. அப்பா சொல்லிக் குடுத்த மாதிரி தூக்கறேன்."

டாக்டர் தாளை மூடி வைத்தார். பிறகு, "வீட்டுல கஷ்டப்படறான்னு நீங்க முன்னாடியே சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்தார்.

"சாப்புடுறாளான்னு ஒருநாளாவது கேட்டீங்களா சார்?" என்றேன். என் குரல் வெளியே வராந்தாவரை கேட்டிருக்கும். கேட்கட்டும்.

நரம்பைத் தைத்துப் பார்க்க வேண்டிய காலம் அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே போய்விட்டது என்றார்கள். தசைமாற்று அறுவை (வேலை செய்யும் தசையை இடம் மாற்றித் தைப்பது) செய்தார்கள். ஓரளவு பலன் கிடைத்தது.

இப்போது அவளுக்குப் பதின்மூன்று. அவள் வளர்ந்ததை நான் வயதால் கணக்கு வைப்பதில்லை. தட்டு எட்டிய வருஷம், வாய் எட்டிய வருஷம் என்றுதான் மனதில் இருக்கிறது. தானே தலை பின்னிக்கொள்ளும் வருஷம் இன்னும் வரவில்லை. வராமலும் போகலாம்.

போன வாரம் உறவினர்கள் வந்திருந்தார்கள். என் கணவர் பழைய பழக்கத்தில், "எங்க கண்ணு, தூக்கிக் காட்டு" என்றார்.

"காட்ட மாட்டேம்ப்பா. எனக்கு வேணும்போது தூக்கிக்குவேன்" என்றாள் பவித்ரா.