சீப்புச் சின்னமும் பதினான்கு பூட்டுகளும்

நான் ஒரு முட்டாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு இன்னும் சங்கடம். வாக்காளர் பட்டியலைப் பிரித்தே பார்க்காமல் தேர்தலில் நின்றவன் நான். பட்டியல் கையில் இல்லாமல் இல்லை. பேட்டர்ன் அட்டைகள் ஃபேன் காற்றில் பறக்காமலிருக்க, கட்டிங் மேசையில் அவற்றின்மேல் பாரமாக வைத்திருந்தேன். நல்ல கனமான பட்டியல்.

அப்போது எங்கள் பனியன் ஊரின் ராயபுரத்தில் ஒரு கம்பெனியில் நான் கட்டிங் மாஸ்டர். எங்கள் வார்டில் பத்து வருஷம் கவுன்சிலராக இருந்தவர், மூட்டு வலி, இனி நம்மால் ஆகாது என்று ஒதுங்கிக்கொண்டார். அவர் நின்றிருந்தால் எதிர்த்து நிற்க எனக்குத் தைரியம் வந்திருக்காது. பஸ்ஸில் காலி சீட்டைக் கண்டால் ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிற புத்தி நமக்கு. ஏழு பேர் போட்டார்கள். எட்டாவது துண்டு என்னுடையது.

துண்டு போட ஒரு காரணமும் இருந்தது. எங்கள் வீட்டுக்கு அடுத்த சந்தில் ஒரு லைன் வீடு. பதினான்கு குடித்தனம், எல்லாம் தெற்கத்திச் சனங்கள், நடுவில் ஒரே ஒரு குழாய். பத்து நாளைக்கு ஒருமுறை காலையில் தண்ணீர் வரும். எட்டரைக்குக் கம்பெனி கேட்டைச் சாத்திவிடுவார்கள். எங்கள் கம்பெனியில் ஓவர்லாக் மிஷினில் உட்காரும் ஒரு பெண் அந்த லைனில் கடைசி வீடு, வரிசையிலும் கடைசி. தண்ணீர் நாளில் இரண்டு தடவை கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டாள். மூன்றாவது தடவை நடந்தால் அந்த மிஷினில் வேறு ஆள் உட்காரும் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டான். டீ நேரத்தில் அவள் என்னிடம், இன்னொரு குழாய் போட வைக்க முடியாதா என்று கேட்டாள். நான் கவுன்சிலராகிப் போட்டுத் தருகிறேன் என்றேன். அவள் சிரித்தாள். அதை நான் ஆதரவு என்று எடுத்துக்கொண்டேன்.

கத்தரிக்கோல் சின்னம் கேட்டேன். கிடைத்தது சீப்பு. முப்பது வயதிலேயே என் தலை வெட்டவெளி. வீட்டுக்கு வீடு தலையைக் குனிந்து காட்டி, எனக்குத்தான் பிரயோஜனமில்லை, உங்களுக்காவது ஆகட்டும் என்பேன். சொந்த வீட்டுக்காரர்கள் எந்தக் கட்சி என்று கேட்டார்கள். எந்தக் கட்சியும் இல்லை என்றதும் மரியாதையாக, "சரிங்க, பாக்கலாமுங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்கள். பகலெல்லாம் மேசையோரம் நின்ற கால், அதன்பின் இந்த அலைச்சல். சலித்துப் போய் ஒவ்வொரு சாயங்காலமும் லைன் வீட்டுக்கே போய்விடுவேன். அங்கேதான் சிரித்தார்கள். டீ கொடுத்தார்கள். வீட்டுக்கு நாலு ஓட்டு என்று மனசுக்குள் கூட்டினேன். தினமும் பார்க்கிற முகங்களைப் பட்டியலில் வேறு தேட வேண்டுமா?

ஓட்டுப் போடும் நாள். கம்பெனி லீவு. அவர்களைச் சாவடிக்கு ஏற்றிப் போக ஏழு மணிக்கே ஒரு ஆட்டோவோடு லைன் வீட்டுக்குள் நுழைந்தேன். முதல் வீட்டில் பூட்டு. இரண்டாவதிலும் பூட்டு. வரிசையாக நடந்து பதினான்கையும் பார்த்தேன். ஒவ்வொன்றும் புதுப் பூட்டு மாதிரி பளபளத்தது, அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. குழாய் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

ஆட்டோக்காரர்தான் விளக்கினார். உள்ளாட்சித் தேர்தல் அவங்க ஊரிலேயும் உண்டு, ஓட்டெல்லாம் அங்கேதான், நேற்றே பஸ் ஏறிவிட்டார்கள் என்றார். நான் குழாயடித் திட்டில் உட்கார்ந்துவிட்டேன். அவர் மெல்லக் கேட்டார்: "ஏனுங்க, வேற எங்கயாச்சும் ஓட்டு இருக்குதுங்களா?"

இருந்தது. மொத்தம் பத்தொன்பது. கட்சிக்காரர் ஒருவர் ஜெயித்தார். முடிவு தெரிந்த அன்று, நான் கேட்பதற்கு முன்பே என் மனைவி, "நான் உங்களுக்குத்தானுங்க போட்டேன்" என்றாள். அதிலிருந்து எனக்கு ஒரு சந்தேகம். இன்றுவரை விசாரிக்கவில்லை. அந்த அளவுக்குத் தெம்பில்லை.

அடுத்த தண்ணீர் நாளில் லைன் வீட்டுப் பக்கமாகப் போனேன். ஆறுதல் சொல்ல யாராவது கிடைப்பார்கள் என்ற நப்பாசைதான். வழக்கம்போல அந்த ஓவர்லாக் பெண் வரிசையில் கடைசி. விரல் நகத்தில் மை இன்னும் அழியவில்லை. மணி எட்டேகால். குழாயையும் தெருமுனையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஓட்டு இங்கே இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றேன்.

"நீங்க அம்புட்டு சந்தோசமா பேசிக்கிட்டு இருந்திய, அண்ணாச்சி. எப்படிச் சொல்ல?"

முந்தின நாளே நான் வெட்டிப் போட்ட துணி கம்பெனி மேசையில் மலைபோலக் கிடந்தது. மாஸ்டர் அரைமணி நேரம் பிந்தினால் கேட் திறக்கும். டெய்லருக்குத் திறக்காது. நீ போம்மா, நான் பிடித்து வாசலில் வைக்கிறேன் என்றேன். அன்று டீ நேரத்தில் என் வாக்குறுதியைக் கேட்டுச் சிரித்தவள், இப்போது சிரிக்காமல் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு ஆறு பிளாஸ்டிக் குடங்களையும் என் காலடியில் தள்ளிவிட்டு ஓட்டமும் நடையுமாகப் புறப்பட்டாள்.

எனக்கு முன்னால் இன்னும் நான்கு பேர். தண்ணீர் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. எந்த நேரமும் நின்றுவிடும். புத்தி வந்திருக்க வேண்டும், வரவில்லை. சந்து முனைக்குப் போனவளைக் கூப்பிட்டு, அடுத்த தேர்தலுக்குள் பேரை இந்த வார்டுக்கு மாற்றிக்கொண்டால் நான் மறுபடி நிற்பேன் என்றேன்.

திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

"மொதல்ல கொடம் நெறையட்டும், அண்ணாச்சி."