லாட்கலேக்கு எழுதிய மனு

பிள்ளைகளே, எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் வரைபடத்தை ஏன் இன்னும் கழற்றவில்லை என்று சின்னவள் போன கிழமை கேட்டாள். அதற்கு மறுமொழிதான் இது. பதினோராம் வகுப்பு ஓ/எல் சோதனை வரைக்கும் படித்தவன் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் படத்தில் இருப்பது லாட்கலே. லாட்வியா நாட்டை ஐந்து திட்டமிடல் பிரதேசங்களாகப் பிரித்திருக்கிறார்கள், அதில் கிழக்கு ஓரத்தில் கிடப்பது இது. கிழக்கே ரஷ்யா, தென்கிழக்கே பெலாருஸ், தெற்கே லித்துவேனியா. உள்ளே எங்கு பார்த்தாலும் ஏரியும் காடும்தான். டௌகாவா என்ற ஆறு பெலாருஸ் பக்கமிருந்து வந்து, டௌகாவ்பில்ஸ் பட்டினத்தைத் தொட்டுக்கொண்டு போகிறது. உலகத்தின் மறுகோடியில், மனுரேவாவில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குகிற எனக்கு இதெல்லாம் மனப்பாடம். ஏனென்றால் உங்கள் சித்தப்பா அங்கேதான் காணாமல் போனான்.

களவாக ஆள் அனுப்பும் ஏஜென்ட் ஒருவன் அவனை பெலாருஸ் வரைக்கும் கொண்டுபோய் விட்டிருந்தான். கடைசியாக வந்த மெசேஜ் இதுதான்: "எல்லை தாண்டிட்டன் அண்ணை. முன்னால ஒரு ஏரி தெரியுது. போன் சார்ஜ் முடியுது." அதற்குப் பிறகு இரண்டு நாள் ஒரு சத்தமும் இல்லை. அங்கே குளிர் தொடங்கிவிட்டது.

சனிக்கிழமை காலை மூத்தவள் லேப்டாப்பைக் கொண்டுவந்து குசினி மேசையில் வைத்தாள். எந்த ஏரி என்று தேடினோம். படத்தைப் பெருப்பிக்கப் பெருப்பிக்கப் புது ஏரிகள் வந்துகொண்டே இருந்தன.

"அப்பா, எல்லைக் காவல்காரரின்ர ஈமெயில் இருக்கு. இவைக்கு எழுதுவம். வீக்கெண்டும் வேலை செய்வினம்," என்றாள் அவள்.

"யூனிஃபோர்ம் போட்டவைக்கு நாங்களாப் போய் எழுதுறதோ? உனக்கு விசரோ?"

நான் வளர்ந்த இடத்தில் அப்படி ஒருவரும் செய்வதில்லை. ஆளைக் காணவில்லையென்றால் கச்சேரிக்குப் போவோம். பாட்டுக் கச்சேரி இல்லை, மாவட்டத்தின் அரசாங்க அலுவலகம். அங்கே அரச அதிபர் இருப்பார், எல்லாவற்றுக்கும் அவர்தான் பெரியவர். மனு எழுதிக் கையில் பிடித்துக்கொண்டு அம்மாவோடு எத்தனை நாள் அந்த வரிசையில் நின்றிருப்பேன். அந்தப் பழக்கம்தான் எனக்கு. லாட்கலேயின் பிரதேச அலுவலகம் என்று திரையில் கண்டதும், இதுதான் அவர்களுடைய கச்சேரி என்று முடிவுகட்டிவிட்டேன்.

"அவை பிளானிங் செய்யிற ஆக்கள் அப்பா. பஸ், ரோட்டு, அப்பிடி."

"நீ எழுது. மேன்மைதங்கிய ஐயா அவர்கட்கு, பாதம் பணிந்து..."

"பாதமோ? அப்பா, ப்ளீஸ்!"

சட்டி கழுவிக்கொண்டு நின்ற உங்கள் அம்மா, "உங்கட தம்பியும் நேர்வழியால போகேல்ல, உங்கட கடிதமும் நேர்வழியால போகேல்ல," என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. மூத்தவளைப் பார்த்து, "கச்சேரியைக் கண்டனியோ நீ?" என்று கத்தினேன். அவள் நான் சொன்னதை ஆங்கிலத்தில் தட்டி அனுப்பினாள்.

சனியும் ஞாயிறும் அந்த அலுவலகம் பூட்டு. இது என் மூளைக்கு எட்டவில்லை. இரண்டு நாளும் நான் நாலு பக்கமும் நடந்தேன், அவன் அங்கே மழைக்குள் எங்கே கிடந்தானோ.

திங்கள் பின்னேரம், அங்கே விடிந்த பிறகு, மறுமொழி வந்தது. யாரோ ஒரு பெண் மரியாதையாக எழுதியிருந்தார். மூத்தவள் வாசித்துச் சொன்னாள்: எங்களுக்கு ஆட்களைத் தேடவோ தடுத்து வைத்திருக்கவோ அதிகாரம் இல்லை, இங்கே அரச அதிபர் மாதிரி ஒருவரும் இல்லை, நகர சபைகளும் ஊர்ச் சபைகளும் தங்கள் உறுப்பினர்களுக்குள் தெரிந்தெடுத்த ஒரு சபைதான் எங்களை நடத்துகிறது, நாங்கள் பிரதேசத்துக்குத் திட்டம் போடுகிறவர்கள். உங்கள் தம்பிக்காக வருந்துகிறேன், எல்லைக் காவலுக்கு உடனே எழுதுங்கள். கீழே ஒரு முகவரி. சனிக்கிழமை மூத்தவள் காட்டிய அதே முகவரி.

அவள் "நான் சொன்னன்தானே" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும். பாதம் பணியாமல், நாலே வரியில் எழுதி அனுப்பினாள்.

புதன்கிழமை, ஆள் டௌகாவ்பில்ஸ் ஆஸ்பத்திரியில் என்று எல்லைக் காவல் மறுமொழி போட்டது, பிறகு சித்தப்பாவே போனில் கதைத்தான். ஞாயிறு விடிய ஒரு பண்ணைக்காரர் கண்டு சொல்லி, எல்லைக் காவல்காரர் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். குளிரில் விறைத்ததால் வலது காலில் இரண்டு விரல் இல்லை. சனிக்கிழமையே எல்லைக் காவலுக்கு எழுதியிருந்தால் அந்த விரல்கள் இருந்திருக்குமோ என்று டாக்குத்தரிடம் கேட்கச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

"நான் எங்க அண்ணை இருக்கிறன்? ஒருதரும் எனக்கு விளங்கிற மாதிரிச் சொல்லினமில்லை."

ஃபிரிட்ஜில் ஒட்டிவைத்த படத்தைப் பார்த்துச் சொன்னேன். "டௌகாவ்பில்ஸ் எண்ட பட்டினம். பக்கத்தில பெரிய ஆறு ஓடும். நீ வந்த காடு உனக்குக் கிழக்கால."

பிறகு கேட்டான்: "இஞ்ச ஆர் அண்ணை பெரியவர்? ஆருக்கு மனுக் குடுத்தா என்னைத் திருப்பி அனுப்பாம விடுவினம்?"

"அப்பிடி ஒரு ஆள் அங்க இல்லையடா," என்றேன்.

அங்கே தங்க விடுவார்களா என்ற அவனுடைய வழக்கு இன்னும் முடியவில்லை. அதுவரை படம் ஃபிரிட்ஜிலேயே இருக்கட்டும். இப்போது அவனுக்கு வரும் கடிதங்களை மூத்தவள்தான் வாசிக்கிறாள், யாருக்கு எழுதவேண்டும் என்றும் அவளே சொல்கிறாள். நான் பக்கத்தில் இருந்து கேட்கிறேன்.